நாலு ஸ்லாட்டும் ஒரு கறுப்புத் திரையும்

"32 ஜிபி பத்தவில்லை, அதே ரேமை ஆன்லைனில் இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகிவிடலாமா?" என்று நண்பர் கேட்கிறார். இரண்டு ஸ்லாட் சும்மாதானே கிடக்கிறது என்பது அவர் கணக்கு. அவரிடம் இருப்பதும் என்னிடம் உள்ள அதே ஏஎம்5 (ஏஎம்டி ப்ராசஸருக்கான சாக்கெட்) மதர்போர்டு, ரைசன் 7000 ப்ராசஸர், 6000 வேக டிடிஆர்5 ரேம் கிட்தான். என்னிடம் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்த போர்டு. சூடு, சத்தம், யுஎஸ்பி போர்ட் எதிலும் குறையில்லை. எரிச்சல் எல்லாம் ரேமில்தான்.

டிடிஆர்5-இல் போர்டும் ரேமும் சிக்னல் நேரத்தை ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் மெமரி ட்ரெயினிங். புதிதாகப் பூட்டி முதலில் ஆன் செய்யும்போது பல நிமிடம் பிடிக்கும். ஃபேன் சுற்றும், போர்டில் ரேம் நிலையைக் காட்டும் டிரேம் எல்இடி எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் அவுட் என்று முடிவுகட்டி ரிட்டர்ன் போடுவது இந்த இடத்தில்தான். பொறுமையிழந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் ரேமைக் கழற்றிப் பாருங்கள். பல போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கம் 'டக்' என்றதும் நம்பிவிடுவோம், மறுமுனை அரை மில்லி தூக்கிக்கொண்டிருக்கும். அதற்கும் இதே எல்இடிதான்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இந்த ட்ரெயினிங்கால் வரும் தாமதத்துக்கு, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் மருந்து உண்டு. மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை எனேபிள் செய்தால் பழைய ட்ரெயினிங் முடிவையே எடுத்துக்கொள்ளும். கூடவே பவர் டவுன் எனேபிளையும் ஆன் செய்யுங்கள். அதை விட்டால் சில செட்டுகளில் ப்ளூ ஸ்கிரீன் வரும்.

கடுப்பேற்றும் விஷயம் வேறு. ஒவ்வொரு பயாஸ் அப்டேட்டுக்கும் இந்தப் போர்டு எல்லாவற்றையும் ஆட்டோவுக்குத் தள்ளிவிடுகிறது. ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ ப்ரொஃபைலும் போய்விடும். 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800-இல் ஓடும், ஒரு எச்சரிக்கை கிடையாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அப்டேட்டுக்கு முன் செட்டிங்ஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துவையுங்கள். சேமித்துவைத்த ப்ரொஃபைலைப் புதிய பயாஸ் பெரும்பாலும் ஏற்காது.

இப்போது நாலு ஸ்லாட். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நாலுக்கு 3600. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம், ஓடினால் அதிர்ஷ்டம். ஒரே பெயரில் விற்கும் ரேமுக்குள் ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்று எந்தச் சிப்பும் இருக்கலாம். கிட் என்பது ஒன்றாகச் சோதித்த ஜோடி. இரண்டு கிட்டை ஒன்றோடொன்று சோதித்தவர் யாருமில்லை.

எனவே பழைய ஜோடியை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட் வாங்குங்கள். தலைப்பில் '32 ஜிபி' என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். படத்தில் இரண்டு இருக்கும், பெட்டியில் ஒன்று வரும். பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை போர்டு கம்பெனி சோதித்துச் சரிபார்த்த ரேம்களின் பட்டியலான க்யூவிஎல்லோடு ஒப்பிடுங்கள். லேப்டாப் ரேமும் டிடிஆர்5 என்ற பெயரிலேயே தேடலில் வந்து நிற்கும், கவனம். ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள்.

போர்டு எப்படி என்றால், அருமையான போர்டு. இதே கம்பெனியிடம் இன்னொன்று வாங்கலாமா என்றால், நேற்றுதான் பயாஸ் அப்டேட் முடிந்து ரேம் 4800-க்கு இறங்கியிருக்கிறது. இன்றைக்கு பதில், வேண்டாம்.