ஷையரா, பெர்ஷரானா? சேற்றில் இறங்கிப் பார்த்தால் தெரியும்

ஷையர், பெர்ஷரான் இரண்டும் பாரம் இழுக்கும் பெரிய குதிரை இனங்கள். வெறும் உருவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் போட்டியே கிடையாது. இங்கிலாந்தின் ஷையர் ஜெயித்துவிடும். அதன் பொலிக்குதிரை தோள்மேட்டில் குறைந்தது 173 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எடை ஒரு டன்னைத் தொடும். 1846இல் பெட்ஃபோர்ட்ஷயரில் பிறந்த சாம்ப்சன் என்ற ஷையர் சுமார் 219 செ.மீ. வளர்ந்தது. பதிவான குதிரைகளில் அதைவிட உயரமானது இன்றுவரை இல்லை என்கிறார்கள். பிரான்சின் பெர்ஷரானோ 155இலிருந்து 185 செ.மீ. வரை பலவாறாக இருக்கும்.

ஆனால் வேலை என்று வந்தால் என் ஓட்டு பெர்ஷரானுக்குத்தான். காரணம், கால்.

ஷையரின் முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடியபடி நீண்ட மயிர் தொங்கும். கண்காட்சிக்கு முன் அதைச் சோப்புப் போட்டு அலசி, மரத்தூள் தூவி உலர்த்தி, பஞ்சுபோல உதறிவிடுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு! அதே கால் சேற்றில் இறங்கினால் மயிருக்குள் ஈரம் தங்கும், தோல் வெடிக்கும், சிற்றுண்ணி குடியேறும். கால் நாளுக்கு நாள் வீங்கித் தடிக்கிற நிணநீர் நோயும் இந்த இனத்தில் உண்டு. அதை முற்றாகக் குணப்படுத்த வழியில்லை. பெர்ஷரானுக்குக் காலில் மயிர் மிகக் குறைவு. சேற்றை வழித்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டும் வளர்ந்த விதமும் வேறு. ஷையர் மெதுவாக நடந்து பெரும்பாரம் இழுக்க உருவானது: துறைமுகச் சரக்கு, கால்வாய்ப் படகு, பீர் பீப்பாய் வண்டி. 1878இல் தொடங்கிய வளர்ப்போர் சங்கம் 1884இல்தான் ஷையர் என்ற பெயரை ஏற்றது. 1924இல் வெம்ப்ளியில் ஒரு ஜோடி 50 டன் இழுத்ததாக இன்றும் பெருமை பேசுவார்கள். இழுவிசையை அளக்கும் கருவியின் முள் எல்லையைத் தாண்டிவிட்டதால் ஊகித்துச் சொன்ன கணக்கு அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெர்ஷரான் தபால் வண்டியில் ஓடிப் பழகிய இனம். இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் சாம்பல் நிறத்துக்குத் தனி மவுசு. ரயில் வந்து தபால் வண்டிகள் ஓய்ந்த பிறகுதான் அதைக் கனமாக வளர்த்தார்கள். இன்றைய பெர்ஷரான்களின் வம்சாவளியெல்லாம் 1823இல் பிறந்த ழான் லெ ப்ளான் என்ற ஒரே பொலிக்குதிரையில் போய் முடிகிறது. இவ்வளவு கனத்திலும் துள்ளுநடை போகவில்லை.

அமெரிக்க விவசாயிகள் இரண்டையும் இறக்கிப் பார்த்தார்கள். 1930 கணக்கெடுப்பில், பதிவுபெற்ற மற்ற இழுவை இனங்கள் அனைத்தையும் கூட்டினாலும் பெர்ஷரான் அவற்றைப்போல மூன்று மடங்கு இருந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்காவிலிருந்து வந்த பெர்ஷரான் கலப்புகள் உழைத்ததைக் கண்ட ஆங்கிலேயர்களே 1918இல் அதற்கொரு சங்கம் வைத்தார்கள். ஷையரின் சொந்த ஊரிலேயே!

ஊர்வலத்துக்கும் பீர் வண்டிக்கும் ஷையரை வாங்குங்கள், தவறில்லை. விலை பேசுமுன் கால்மயிரை விலக்கி, அடியில் தோலைத் தடவிப் பாருங்கள். பொருக்கோ முடிச்சோ தட்டுப்பட்டால் வேறு குதிரை பாருங்கள்.