ஃபேன் நல்ல ஃபேன்தான், ரிலே சாக்கெட்தான் உயிரை வாங்குது

"அண்ணே, விஸ்கஸ் கிளச் போயிருச்சு. அதுக்குக் குடுக்குற காசுல எலக்ட்ரிக் ஃபேனே மாட்டிரலாம்னு மெக்கானிக் சொல்றாரு. மாட்டவா?" என்று கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். விஸ்கஸ் கிளச் என்பது இன்ஜின் புல்லிக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் நடுவில் சிலிக்கான் எண்ணெயால் பிடிக்கும் கிளச். டர்போ டீசல் ஜீப், வாரம் முழுக்க ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும், சனி ஞாயிறு கொழுக்குமலை. ஒரே வண்டியில் இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்த கணக்கில் இதை எழுதுகிறேன்.

எலக்ட்ரிக்கின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதை முழுக்கக் கல். லோ ரேஞ்சில் முதல் கியர், இன்ஜின் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்முக்குள், வண்டி மனுஷன் நடக்கிற வேகம். எதிர்காற்று என்பதே கிடையாது. விஸ்கஸ் ஃபேன் இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும், அதிலும் முழுசாகப் பிடித்தாலும் புல்லி வேகத்தில் சுமார் 80 சதவீதம்தான் வரும். மெதுவாக ஏறுகிற இடத்தில் காற்றும் மெதுவாகத்தான் வரும். எலக்ட்ரிக்குக்கு அந்தப் பேச்சே இல்லை. ஐட்லிங்கிலும் முழுக்காற்று. உச்சியில் நிறுத்தி சாவியைத் திருப்பிய பிறகும், ரிலேவுக்கு (சின்ன கரன்ட்டால் ஃபேனின் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்திருந்தால், இன்னும் இரண்டு நிமிடம் ஓடித் தானாக நிற்கும். நிறுத்தினதும் ரேடியேட்டர் மூடி பக்கம் "களக் களக்" என்று வரும் அந்தக் கொதிப்பு இல்லாமல் போனது எதிர்பார்க்காத சந்தோஷம். விடிகாலை நாலு மணிக்கு ஊருக்குள் வண்டி எடுத்தால் அக்கம்பக்கத்தில் யாரும் எழுந்து திட்டுவதும் இல்லை. விஸ்கஸ் அப்படியில்லை. ராத்திரி முழுக்க நின்றதில் சிலிக்கான் எண்ணெய் கிளச்சின் வேலை அறைக்குள் (அதில் எண்ணெய் நிறைந்தால்தான் ஃபேன் பிடிக்கும்) இறங்கியிருக்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு நிமிடம் லாரி மாதிரி இரையும். அது கோளாறு இல்லை, பயந்து கிளச்சை மாற்றிவிடாதீர்கள்.

இனி எரிச்சல். ரிலே சாக்கெட்.

16 அங்குல ஃபேன் ஒன்று ஓடும்போது 20 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கடையில் ஃபேனோடு வரும் வயரிங் செட்டில் ஒல்லி வயரும், பிளாஸ்டிக் சாக்கெட்டில் லொடலொட பித்தளை டெர்மினலும்தான் இருக்கும். மலைப் பனி ஈரம் உள்ளே போய் டெர்மினல் கறுக்கும், கல் பாதை அதிர்ச்சியில் பிடி தளரும். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை வந்தாலே போதும், 20 ஆம்பியருக்கு அங்கே மட்டும் 20 வாட் சூடு. முதலில் ரிலேவில் ஃபேனுக்குப் போகும் 87ஆம் நம்பர் கால் நீலம் பாயும், அப்புறம் சாக்கெட் உப்பும், அப்புறம் கருகின வாடை. அதுவரை ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு வோல்ட் குறைவாக. "ஃபேன் ஓடுது, ஆனா ஹீட் ஏறுது" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு வியாதி இதுதான்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து ரிலேவின் 30ஆம் நம்பர் காலுக்கும், 87லிருந்து ஃபேனுக்கும் குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர், 6 என்றால் நிம்மதி. எர்த்தும் அதே தடிமன், பெயின்டைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு. ரிலே 40 ஆம்பியர், ஃபெண்டரில் உயரமாக, கால்கள் கீழே பார்க்கும்படி, தண்ணீர் வடியட்டும். வயரோடு சீல் செய்து வரும் ரிலே கிடைத்தால் அதை வாங்குங்கள். முடித்த பிறகு ஃபேன் ஓடும்போது பேட்டரி பிளஸ்ஸிலும் ஃபேன் பிளஸ்ஸிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ பிடி சரியில்லை. இத்தனையும் செய்தாலும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தே ஆகவேண்டும், அதுதான் கடுப்பு.

சூட்டைப் பார்த்து ஃபேனை ஆன் ஆஃப் பண்ணும் தெர்மோ சுவிட்ச் எங்கே உட்காருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஃபின்னுக்குள் குத்தும் குச்சி வகையை வாங்காதீர்கள், அதிர்ச்சியில் கழன்று காற்றைத்தான் அளக்கும். ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் முறுக்கும் வகை நல்லது: 92 டிகிரியில் ஆன், 87இல் ஆஃப். மேல் ஹோஸை வெட்டி அலுமினிய அடாப்டர் வைத்து அதில் ஒற்றைக்கால் சுவிட்ச் (தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும் வகை) போட்டால், ரப்பருக்கு நடுவில் நிற்கும் அந்த அடாப்டருக்குத் தனியாக எர்த் வயர் தரவேண்டும். தராவிட்டால் சுவிட்ச் வேலையே செய்யாது.

இதில் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 7,000 அடியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்தால் அங்கேயும் 115 பக்கம் வரை தாங்கும். மூடியின் ரப்பர் செத்து, உள்ளே கூலன்ட்டுக்குப் பதில் ஓடைத் தண்ணீர் என்றால்? கீழ்த் தொட்டி 92ஐத் தொடுவதற்குள் மேல்த் தொட்டி கொதித்துக் கொட்டிவிடும், ஃபேன் ஆன் ஆகியே இருக்காது. ஃபேனைத் திட்டுவார்கள். மூடியை மாற்றுங்கள், அப்புறம் பேசலாம்.

ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர், வைப்பர், மற்ற விளக்குகள், இதோடு ஃபேனுக்கு 20. இருட்டில் மூடுபனிக்குள் ஊர்ந்து போகும்போது பழைய 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அந்த ஆர்பிஎம்மில் அதில் பாதிதான் தரும். மிச்சம் பேட்டரியிலிருந்து போகும்.

ஓடை இறங்குகிறவர்களுக்கு எலக்ட்ரிக்கில் ஒரு வசதி: தண்ணீருக்கு முன் ஃபேனை நிறுத்தலாம். இன்ஜினோடு சுற்றும் பிளாஸ்டிக் இறக்கை ஆழத் தண்ணீரில் முன்னால் வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கும், அந்தப் பயம் இல்லை. ஆனால் அதற்குத் தனி சுவிட்ச் வேண்டும், இல்லையென்றால் தெர்மோ நடு ஓடையில் ஆன் பண்ணும். சுவிட்ச் ஆஃபில் இருப்பதைக் காட்ட சிவப்பு விளக்கும் வேண்டும், இல்லையென்றால் மறந்துபோய் அடுத்த ஏற்றத்தில் கேஸ்கெட் போகும். சூடான மோட்டாரைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் அது ஈரத்தை உள்ளே உறிஞ்சும், பேரிங் கத்த ஆரம்பிக்கும்.

விஸ்கஸுக்கு வருவோம். முன்னால் சுருள் மாதிரி தெரியும் பைமெட்டல்தான் அதற்கு மூளை. ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுச் சூட்டில் அது விரிந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் வேலை அறைக்குள் போகும், ஃபேன் பிடிக்கும். தோட்டப் பாதைச் செம்மண் அந்தச் சுருளில் அப்பிக் காய்ந்தால் சூடு தாமதமாகத்தான் தெரியும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதி "கிளச் கம்ப்ளெய்ன்ட்" தீர்ந்துவிடும். தம்பி, நீங்கள் புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு கையால் இறக்கையைச் சுண்டுங்கள்: இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புப் பிசுக்கு தெறித்திருந்தால் சீல் கசிவு. இறக்கை நுனியை முன்னும் பின்னும் ஆட்டும்போது 6 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் பேரிங். திருகவே விடாமல் இறுகிக் கிடந்தால் அதுவும் ஆகாது: எந்நேரமும் இரைந்துகொண்டு டீசல் குடிக்கும், வாட்டர் பம்ப் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

இவ்வளவு புகழ்ந்த எலக்ட்ரிக்கைத்தான் வேண்டாம் என்கிறேன். காரணம் போடிமெட்டு மலைப்பாதை. சித்திரை வெயில், பின்னால் பத்துப் பேர், 17 கொண்டை ஊசி வளைவும் இரண்டாம் கியரில் 2,500 ஆர்பிஎம். இங்கே எலக்ட்ரிக் மோட்டார் கையில் இருப்பது 250 வாட் சொச்சம், அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் தராது. பிடித்துக்கொண்ட விஸ்கஸ், ஃபேன் வேகம் ஏற ஏற இன்ஜினிடமிருந்து கிலோவாட் கணக்கில் பிடுங்கிக் காற்றாகத் தள்ளும். டீசல் அதிகம் குடிக்கும்தான், ஆனால் டெம்பரேச்சர் மீட்டர் முள் நடுவில் நிற்கும். தவிர அதில் ஃப்யூஸ் இல்லை, ரிலே இல்லை, சாக்கெட் இல்லை. கெட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு கெடும்.

கொழுக்குமலை சவாரி மட்டும் ஓட்டுகிறவர் எலக்ட்ரிக் போடட்டும், முழு ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு), ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் வகையாக, இரும்புப் பட்டியில் பிரேம் வைத்து. ரேடியேட்டர் கோரிலேயே பிளாஸ்டிக் டை குத்தி மாட்டினால் உரசி உரசி ஓட்டை விழும். ஆள் ஏற்றுகிற வண்டிக்கு விஸ்கஸ்தான். கடையில் படுக்க வைத்திருந்த கிளச்சை வாங்காதீர்கள், நிற்க வைத்ததுதான் வேண்டும், படுத்தால் எண்ணெய் கசியும். கழற்றும்போது கிளச் நட் பல வண்டிகளில் இடது மரை (வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும்), முதலில் அதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரில் பலம் காட்டுங்கள்.

கழற்றி வைத்த எலக்ட்ரிக் ஃபேன் நல்ல நிலையில் சும்மாதான் கிடக்கிறது, வேண்டுகிறவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். ரிலே சாக்கெட் மட்டும் கேட்காதீர்கள்.