மொறிஸ் மைனரின் பின்பக்கத்தைத் தாழ்த்திய திருகோணமலைக் கராஜ்

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் முன்பக்கம் டோர்ஷன் பாரில் (முறுகி ஸ்பிறிங்காக வேலை செய்யும் உருக்குக் கம்பியில்) நிற்பதால் அதன் உயரத்தை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். பின்பக்கம் லீஃப் ஸ்பிறிங்கில் (அடுக்கி வைத்த வளைந்த உருக்குப் பிளேட்டுகளில்) நிற்பதால், அதைத் தாழ்த்த விரும்புபவர் பெரும்பாலும் ஸ்பிறிங்கிலேயே கைவைப்பார். பலர் ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டு வேலை முடிந்ததென்பார்கள். அப்படிச் செய்தால் கார் தாழும், ஆனால் ஸ்பிறிங்கின் பலமும் குறைந்து, ஆட்கள் ஏறியதும் அச்சு, அதன் மேலேயுள்ள பம்ப் ஸ்டொப் என்ற ரப்பர்த் தடுப்பில் முட்டும்.

நகரிலுள்ள இந்தச் சிறிய கராஜில் அந்தக் குறுக்குவழிக்கு இணங்கவில்லை. வளைவு குறைந்த புதிய ஸ்பிறிங்குகளையே பொருத்தினார்கள். வளைவு குறைந்தால் ஸ்பிறிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் கூடி, பின்முனையை காரோடு இணைக்கும் ஷக்கிள் என்ற அசையும் இணைப்பு சாயும் என்பதையும், அது காரின் அடிப்பகுதியில் இடிக்காதிருக்க வேண்டும் என்பதையும் தலைமை மெக்கானிக் சோக்கட்டியால் தரையில் வரைந்தே விளக்கினார். ஸ்பிறிங்கை அச்சோடு பிணைக்கும், கடற்காற்றில் துருவேறியிருந்த யூ போல்ட்டுகளை மீண்டும் பூட்டாமல் புதியவற்றையே போட்டார்.

குறையும் உண்டு. கார் ஜாக்கியில் தொங்கியபடியிருக்கும்போதே ஸ்பிறிங் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்கள். சில்லுகளில் பாரம் இறங்கிய பிறகே அவற்றை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியே நின்று விரைவில் கிழியும். நான் சொன்னதும் முகஞ்சுளிக்காமல் தளர்த்தி மீண்டும் இறுக்கினார்கள்.

நிலாவெளி வீதியில் வளைவுகளில் கார் முன்னரைவிடக் குறைவாகவே சாய்கிறது; பள்ளங்களில் சற்று விறைப்பு. கூலி நியாயமானது, பற்றுச்சீட்டில் உதிரிப்பாகங்களின் விலையைத் தனியாக எழுதித் தந்தார்கள்.