மினுக்கிய உருக்கா, படலம் படிந்த உருக்கா?

திருகோணமலை உப்புவெளியில் உருக்குத் தகட்டை மினுக்கி இரவு வெளியே வைத்தால், கடற்காற்று பட்டு விடியக் கறள் பூத்திருக்கும். அதை லேசரால் சூடாக்க வேண்டுமென்றால் மறுபடி தேய்ப்பதா, அப்படியே விடுவதா?

மினுக்கிய தகடு கண்ணாடி மாதிரி. காபனீரொட்சைட்டு லேசரின் 10.6 மைக்ரோமீற்றர் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஃபைபர் லேசரின் 1 மைக்ரோமீற்றர் ஒளியை அதைவிட நன்றாக உள்வாங்கும். சூடேறச் சுணங்கும், ஆனால் எங்கும் ஒரே சீர்.

ஒட்சைட்டுப் படலம், அதாவது உலோகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய தோல், படிந்த தகடு ஒளியைக் கூடுதலாகக் குடிக்கும். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும், தடித்த படலம் பெரும்பாலும் சூட்டை இன்னும் ஏற்றும். காற்றில் சூடாகும் மினுக்கிய உருக்கை உற்றுப் பாருங்கள்: சுமார் 220 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சள், 300ஐ நெருங்கும்போது நீலம். அது சாயமல்ல. படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் தெறிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறம். லேசர் ஒளிக்கும் இதே கதிதான்; ஆகவே படலத்தின் தடிப்பு மாறினால் உள்வாங்கும் அளவும் ஏறி இறங்கும். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

மேற்பரப்பைக் கடினமாக்கும் வேலைக்குச் சீரான மெல்லிய படலம் இருந்தால் நான் தொடமாட்டேன். கறள் அப்படியல்ல. செதிலாக எழும்பி நிற்கும், சூடு அடி உலோகத்துக்கு ஒழுங்காக இறங்காது. உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலையென்றால் (வெல்டிங்) சந்தேகமே வேண்டாம், தேய்த்துவிடுங்கள். அலுமினியத்தில் இன்னும் கவனம்: உலோகம் 660 பாகையில் உருகும், அதன் ஒட்சைட்டுக்கு 2000க்கும் மேல் வேண்டும்.