லெய்டனா, ஹாலேயா, தஞ்சாவூரா: டெல்டா வரலாற்று ஆய்வாளருக்கு எந்த நல்கை?

காவிரிப் படுகையின் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை ஆராயும் முனைவர் பட்ட மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும், ஐரோப்பிய நூலகங்களின் குறுகியகால வருகை நல்கைக்கு (ஃபெலோஷிப்) விண்ணப்பிக்கையில் உதவித்தொகையையே முதலில் பார்க்கிறார்கள். அங்குள்ள கையெழுத்தைத் தம்மால் படிக்க முடியுமா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஒரு மாத நல்கையில் சனி, ஞாயிறு போக வாசிப்பறையில் உட்காரக் கிடைப்பது ஏறத்தாழ 20 நாள். பழைய எழுத்தொன்றைப் புதிதாகப் பழக அது போதாது.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் பணியாற்ற ஸ்கலிகர் நிறுவனம் நல்கை வழங்குகிறது. நாகப்பட்டினத்தாருக்கு லெய்டன் என்றதும் அங்கு போய்ச் சேர்ந்த ஆனைமங்கலம் செப்பேடுகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால் நாகையின் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு இராசராசன் அளித்த கொடையைச் சொல்லும் அந்த 21 ஏடுகளின் வாசகம் எபிகிராஃபியா இண்டிகா என்னும் கல்வெட்டியல் இதழில் என்றோ அச்சாகிவிட்டதால், அதை மட்டும் நம்பி எழுதும் ஆய்வு முன்மொழிவு எடுபடாது. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆவணங்களோ முதன்மையாக ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றிலும் பல லட்சம் பக்கங்கள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. கோட்டை, துறைமுகம் பற்றி ஆராய்பவர் லெய்டனின் போடெல் நைன்ஹவுஸ் வரைபடத் தொகுப்புக்காகப் போகலாம்.

ஜெர்மனியிலுள்ள ஹாலேயின் நிலை வேறு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியது தொடங்கி, மிஷனரிமார் எழுதியனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்குள்ள ஃபிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில் குவிந்திருக்கின்றன. அந்த அறக்கட்டளையும் வருகை ஆய்வாளர்களுக்குக் குறுகியகால நல்கை தருகிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னாளில் இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்த மிஷனரி சுவார்ட்சின் தஞ்சாவூரை அறிய இதைவிட நல்ல இடம் ஐரோப்பாவில் இல்லை என்றே நான் கருதுகிறேன். தடை, குரெண்ட் என்னும் பழைய ஜெர்மன் கூட்டெழுத்து. அதில் 'எ', 'ன்' ஒலிகளுக்கான எழுத்துகள் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாய்கோடுகளாக இருக்கும். 'உ' ஒலிக்கான எழுத்தையோ தலைமேல் ஒரு வளைகோடு போட்டுத்தான் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ஜெர்மன் தெரிந்தவர்களே இதில் திணறுவார்கள். ஜெர்மன் அறியாத, ஆனால் சுவடி படிக்கத் தெரிந்த மாணவருக்கு அங்குள்ள தமிழ் ஓலைச்சுவடிகள் நல்ல வாசல்.

இருந்தாலும், என் பரிந்துரையில் முதலிடம் தஞ்சாவூருக்கே. சரசுவதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ள மராத்தியர் கால ஆவணங்களை, மோடி என்னும் பழைய மராத்தி எழுத்தில் உள்ளவற்றை, படிக்க விசாவோ விமானச் சீட்டோ வேண்டாம். மோடியில் முதலில் வரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தலைக்கோடு இழுத்து, அதன்கீழ் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போவார்கள். கண் பழக மாதங்கள் ஆகும், ஆனால் உள்ளூரில் இருப்பவருக்கு அந்த மாதங்கள் கிடைக்கும். சுவார்ட்ஸ் நாட்குறிப்பில் எழுதியதை அரண்மனைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கக்கூடிய ஆய்வாளர் ஹாலேக்கு விண்ணப்பித்தால், அவரைத் தேர்வுக் குழு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

விசாவில் இரு நாடுகளுக்கும் வேறுபாடில்லை: ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாள்களுக்குள் 90 நாள் தங்கலாம். கல்லூரி ஆசிரியர்கள் தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகே உதவித்தொகை தரும் திட்டங்களும் உண்டு என்பதால், பயணச் செலவுக்குக் கையில் பணம் வைத்திருப்பது அவசியம். முன்மொழிவில் பார்க்க விரும்பும் சுவடிகளின் அட்டவணை எண்களைக் குறிப்பிட வேண்டும். ஹாலேயின் மிஷன் காப்பக அட்டவணை இணையத்தில் இருப்பதால் மன்னார்குடியிலிருந்தே அவற்றைத் திரட்டிவிடலாம். அந்தச் சுவடிகள் வாசிப்பறைக்குத் தரும் நிலையில் உள்ளனவா, செப்பனிடும் பணியில் உள்ளனவா என்பதையும் நூலகரிடம் மின்னஞ்சலில் கேட்டறிந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.