வாசெக்டமிக்குப் பிறகு தீராத வலி: குழாயை மறுபடி இணைப்பதா, நரம்பை வெட்டுவதா?

வாசெக்டமி (விந்துக்குழாயை வெட்டி அடைக்கும் ஆண் கருத்தடை ஆபரேஷன்) செய்துகொண்ட 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு 3 மாதம் தாண்டியும் விரையில் வலி நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறது. முதலில் மாத்திரை மருந்துதான் பார்ப்பார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு இந்த இரண்டு ஆபரேஷன்கள்.

ஒன்று, வெட்டிய விந்துக்குழாயை மைக்ரோஸ்கோப் வைத்து மறுபடி இணைப்பது. வாசெக்டமிக்குப் பிறகும் விந்தணு உற்பத்தி நிற்பதில்லை, போக வழியில்லாமல் விரையின் பின்பக்கச் சுருள் குழாயில் தேங்கி அழுத்துகிறது. உறவின்போதோ விந்து வெளியேறும்போதோ வலி கூடுகிறது என்பவர்களுக்கு இது பொருந்தலாம். அடைப்பையே நீக்குகிறது, சரி. ஆனால் எதற்காக வாசெக்டமி செய்தோமோ அது போச்சு, மறுபடி ஆணுறை, மாத்திரை என்று ஆரம்பிக்க வேண்டும் (வீட்டில் இதைச் சொல்வது தனிக் கதை).

இன்னொன்று, விரைக்குப் போகும் வலி நரம்புகளை மட்டும் தேடி வெட்டுவது. கருத்தடை அப்படியே இருக்கும். இதில் எனக்குப் பிடித்ததே முன்கூட்டிச் சோதிக்க முடிவதுதான்: அந்த நரம்புகள் ஓடும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கொஞ்ச நேரத்துக்காவது வலி நன்றாகக் குறைந்தால் ஆபரேஷன் பலிக்க வாய்ப்பு அதிகம், குறையவே இல்லையென்றால் வலியின் மூலம் வேறெங்கோ இருக்கலாம். அப்புறம், ரத்தக் குழாயில் கத்தி பட்டால் விரை சுருங்கும் ஆபத்து, அரிதுதான், ஆனால் உண்டு.

ஊசியில் வலி குறைந்து, இனி குழந்தை வேண்டாம் என்றும் இருந்தால், நான் டாக்டரிடம் முதலில் நரம்பு ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்பேன்.