பெட்டி இல்லாத ஊசிக்கு 36,000 ரூபாய்

கோவையில் ஓர் எடை குறைப்பு மையத்தில் ஏமாந்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

எனக்கு வயது 43, எடை 91 கிலோ. அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை. எடை குறைக்கும் ஊசி மருந்துகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு, அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தாலே இந்தப் பேச்சுதான். மையத்தில் இருந்த பெண், "அதே மருந்துதாங்க்கா, மூணு மாசம் போதும். இன்னைக்கே கட்டினா 36,000, நாளைக்கு 45,000" என்றாள். கட்டிவிட்டேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் எடையும் பிரஷரும் பார்த்தார். ரத்தப் பரிசோதனை கிடையாது. பித்தப்பையில் கல் உண்டா, கணைய அழற்சி வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்று எதுவுமே கேட்கவில்லை. மேசை டிராயரிலிருந்து, ஏற்கெனவே மருந்து நிரப்பிய இன்சுலின் சிரிஞ்சு ஒன்றை எடுத்து வயிற்றில் போட்டார். இன்னும் மூன்றை ஐஸ் ஜெல்லோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார். "வாரம் ஒண்ணு, 40 யூனிட்." பெட்டி எங்கே என்று கேட்டேன். "மொத்தமா வாங்கறோம்ங்க, அதான் விலை கம்மி."

மறுநாளே வாந்தி. ரசம் சாதம்கூட வயிற்றில் தங்கவில்லை. போன் செய்தால், "மருந்து வேலை செய்யுதுங்க்கா" என்று சந்தோஷப்பட்டாள். நானும் நம்பி அடுத்த வாரம் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டேன், என்னைத்தான் சொல்லவேண்டும். அதற்கு நான்காம் நாள் ராத்திரி மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை போனது. தம்பிதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்?" என்று டாக்டர் கேட்டார். 40 யூனிட் என்றேன். "யூனிட்ங்கிறது சிரிஞ்சுல இருக்கற கோடும்மா. எவ்வளவு திரவம்னு சொல்லும், அதுல எவ்வளவு மருந்துன்னு சொல்லாது" என்றார். என் உடம்புக்குள் என்ன போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று நாள் டிரிப்ஸ். ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. முன்பே இருந்தவையா, என்னவோ, முதலில் ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

டாக்டர் மருந்தைக் குறை சொல்லவில்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன்தான் "சாப்பிட்டது போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது; இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் வேலையை வாரம் முழுக்கச் செய்கிற மாதிரி உருவாக்கியதுதான் வெகோவியில் உள்ள செமாகுளுடைட். மௌஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. ஆய்வுகளில் செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம், டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் 20 சதவீதம் அளவுக்கு எடையைக் குறைத்தன. இதய நோய் உள்ளவர்களுக்குச் செமாகுளுடைட் மாரடைப்பு ஆபத்தையும் குறைக்கிறது.

ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. செமாகுளுடைட் உடம்பை விட்டு முழுதாகப் போக ஐந்து வாரம் ஆகுமாம். அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதம் ஒரு படியாக ஏற்றி, 2.4-க்குப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதத்தில் முழு அளவே வந்திருக்காது! நிறுத்தினாலோ, ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. "மூணு மாசம் போதும்" என்பதே பொய். கொழுப்போடு தசையும் கரைவதால் புரதமும் உடற்பயிற்சியும் வேண்டும் என்றார் டாக்டர்; மையத்தில் அந்தப் பேச்சே எழவில்லை.

இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். பெட்டியில் பெயர், மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், மேசை டிராயரில் அல்ல. உங்கள் கண் முன்னால் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மிச்சமிருந்த இரண்டு சிரிஞ்சுகளை மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். பணத்தைக் கேட்டுப் போனபோது பில்லை எடுத்து நீட்டினார்கள். அதில் "வெல்னெஸ் ஆலோசனை, 36,000" என்று மட்டும் இருந்தது. ஊசி என்ற வார்த்தையே இல்லை.